விளக்கு அணைந்தால் கோளாறு தீர்ந்ததா?

(கோலா கங்சாரில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில், நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு கொஞ்சம் முரடானது. 'தரவுச் சேமிப்புக் கருவிகளில் ஏற்படும் கோளாறுகளைக் கண்காணிப்பதும் தெரிவிப்பதும்.' தலைப்பைக் கேட்டதுமே பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் கைப்பேசியை எடுத்துவிட்டதை நான் கவனித்தேன். பரவாயில்லை. அந்தக் கைப்பேசியைப் பற்றியும்தான் பேசப் போகிறேன்.

நான் பொறியாளர் அல்ல. வெகுஜனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து, ஒலிவாங்கியின் முன்னால் நின்று பிழைப்பு நடத்துகிறவன். ஆனால் என்னைப் போன்றவர்களின் உழைப்பு முழுவதும் கடைசியில் போய்ச் சேருவது ஒரு வன்தட்டுக்குள்தான். முன்பு ஒளிநாடாக்கள் இருந்தன. அலமாரியில் கண்ணுக்குத் தெரியும்படி அடுக்கி வைத்தோம். பூஞ்சை பிடித்தால் தெரியும், நாடா அறுந்தால் தெரியும். இன்று எல்லாம் ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பெட்டி தானாக வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

அது வாய் திறந்து சொல்கிறதா? சொல்கிறது. நாம் கேட்கிறோமா? அதுதான் இன்றைய கேள்வி.

எதைக் காக்கிறோம்?

இந்த ஊர் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி கட்டிப் பாதுகாக்கப்படும் ரப்பர் மரத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1877ஆம் ஆண்டில் கோலா கங்சாரில் நட்ட கன்றுகளில் எஞ்சி நிற்கும் மரம் அது. மரத்துக்கு வேலி இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அந்த மரத்தின் வழிவந்த காடுகளில் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமாரின் குரலுக்கு எங்கே வேலி?

பேராக்கில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டு மறைந்துவிட்டன. லயங்கள் இல்லை. பல தோட்டத்துப் பள்ளிகள் இடம் மாறிவிட்டன. மிச்சம் இருப்பவை படங்களும், பேட்டிகளும், கோயில் குறிப்பேடுகளும், பள்ளிப் பதிவுகளும். அவற்றில் பெரும்பகுதி இன்று கணினியில் இருக்கிறது. கூட்டுறவுக் கழகத்தின் சந்தாக் கணக்கு, கோயில் திருப்பணி நன்கொடைப் பட்டியல், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் பட்டியல், உங்கள் பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாள் படம், எல்லாமே அங்கேதான்.

ஆகவே இது கணினிக்காரர்களின் தலைப்பு மட்டும் அல்ல. வீட்டுப் பெட்டகத்தின் பூட்டைப் பற்றிய தலைப்பு.

எல்லாத் தட்டும் ஒரு நாள் சாகும்

முதலில் ஒரு கசப்பான உண்மை. வன்தட்டு என்பது தேய்கிற பொருள். அதன் உள்ளே வட்டத் தகடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது. அதன்மேல் படாமல், மயிரிழை இடைவெளிகூட இல்லாத உயரத்தில் ஒரு சிறிய முனை பறந்து எழுதிப் படிக்கிறது. இப்படிப்பட்ட பொருள் பழுதாகாமல் இருந்தால்தான் அதிசயம்.

தயாரிப்பாளர்கள் தங்கள் குறிப்பில் 10 லட்சம் மணி நேரம், 15 லட்சம் மணி நேரம் என்று சராசரி ஆயுளை அச்சிடுவார்கள். 10 லட்சம் மணி நேரம் என்றால் 114 ஆண்டுகள்! நம்ப முடிகிறதா? அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் ஒரு லட்சம் தட்டுகளின் பதிவுகளைப் பார்த்து 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தயாரிப்பாளரின் கணக்குப்படி ஆண்டுக்கு 0.88 விழுக்காட்டுக்கு மேல் பழுதாகக் கூடாது. ஆனால் உண்மையில் 2 முதல் 4 விழுக்காடு வரை மாற்ற வேண்டியிருந்தது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 விழுக்காடு வரை போனது. இன்றைய தட்டுகள் மேம்பட்டவை. லட்சக்கணக்கான தட்டுகளை ஓட்டி ஆண்டுதோறும் கணக்கு வெளியிடும் பேக்பிளேஸ் நிறுவனம், 2024ஆம் ஆண்டுக்குச் சொன்ன பழுது விகிதம் 1.57 விழுக்காடு. நூறு தட்டு வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ போகும் என்று பொருள்.

நூற்றில் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அது போனால் உங்களுக்கு நூறு விழுக்காடும் போயிற்று.

துணை ஆள் இருந்தால் வரும் ஆபத்து

இதற்குத் தொழில்நுட்ப உலகம் ஒரு வழி கண்டது. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலை உயர்ந்த ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக, மலிவான பல தட்டுகளைச் சேர்த்துக் கட்டி, ஒன்று விழுந்தால் மற்றவை தாங்கிக்கொள்ளும்படி செய்யலாம் என்றார்கள். இதற்கு 'ரெய்டு' என்று பெயர். இன்று வங்கி, மருத்துவமனை, தொலைக்காட்சி நிலையம் என எங்கும் இந்த முறையோ இதன் வழிவந்த முறையோதான்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஒரு தட்டு இறந்துபோனாலும் வேலை நிற்பதில்லை. கோப்புகள் திறக்கின்றன, படம் ஓடுகிறது, யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் வண்டி நின்றுவிடும், நமக்குத் தெரிந்துவிடும். இங்கே ஒரு மாடு படுத்தாலும் மற்றொன்று இழுத்துக்கொண்டே போகிறது. அந்த இரண்டாவது மாடும் படுக்கும்போதுதான் முதல் மாடு எப்போதோ படுத்துவிட்டது என்பது தெரியவருகிறது.

ஆகவே துணைத் தட்டு வைத்திருப்பவனுக்குத்தான் கண்காணிப்பு அதிகம் தேவை. கண்காணிக்காத துணைத் தட்டு பாதுகாப்பு ஆகாது. தவணை முறையில் வரும் விபத்தாகத்தான் அது முடியும்.

நான் பல ஆண்டுகளுக்கு முன்பு வேலை செய்த ஒரு சிறிய தயாரிப்பு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். எட்டுத் தட்டுகள் கொண்ட ஒரு சேமிப்புப் பெட்டி. ஒரு தட்டு போனாலும் தாங்கும்படி அமைத்திருந்தார்கள். ஒருநாள் அந்தப் பெட்டி 'பீப், பீப்' என்று கத்த ஆரம்பித்தது. பக்கத்து அறையில் குரல் பதிவு நடந்துகொண்டிருந்தது. பதிவுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று யாரோ சத்தத்தை மட்டும் நிறுத்தினார்கள். ஒரு செம்மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அந்த அறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். எல்லாரும் பார்த்ததால், வேறு யாரோ சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

சில வாரங்கள் கழித்து இரண்டாவது தட்டும் போனது. எட்டுத் தட்டிலும் இருந்த மொத்தமும் அன்றோடு போயிற்று. அதில் தோட்டத்துப் பெரியவர்களின் பேட்டிகள் இருந்தன. பழுது நீக்கும் கடைக்கு அனுப்பிச் சில துண்டுகள் மட்டும் மீண்டன. மறுபடி எடுக்கலாம் என்று புறப்பட்டபோது, அவர்களில் சிலர் உயிரோடு இல்லை.

அந்தப் பெட்டி தன் கடமையைச் செய்தது. 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று கத்தியது. நாம் அதன் வாயைப் பொத்தினோம்.

சிங்கப்பூர் வங்கியில் நடந்த கதை

சின்ன நிறுவனத்தில் அப்படித்தான் இருக்கும், பெரிய இடத்தில் நடக்காது என்று எண்ணாதீர்கள். நம் நாட்டுப் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் 2008ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி வன்பொருள் கோளாற்றால் நாள் முழுவதும் வணிகம் நின்றுபோனது. மறுநாள்தான் சந்தை திறந்தது. ஆனால் நான் இன்று விரிவாகச் சொல்ல விரும்புவது இரண்டு ஆண்டுகள் கழித்து அக்கரையில் நடந்ததை. ஏனென்றால் அது நிமிட வாரியாகப் பதிவாகி, வங்கியின் தலைமை நிர்வாகியே வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதி விளக்கிய சம்பவம்.

டி.பி.எஸ். வங்கியை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு வங்கியாக இருந்த பி.ஓ.எஸ்.பி.யும் அதன் கீழ்தான் இருக்கிறது. பேராக்கிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகள் பலருக்குச் சம்பளம் அதில்தான் விழுகிறது. அந்த வங்கியின் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு ஐ.பி.எம். நிறுவனத்திடம் இருந்தது.

2010ஆம் ஆண்டு ஜூலை 3, சனிக்கிழமை காலை 11.06. வங்கியின் பெரிய கணினியோடு இணைந்த சேமிப்புக் கருவியில் ஒரு தொடர்பு இணைப்பு சற்றுத் தள்ளாடுகிறது என்று கண்காணிப்பு மென்பொருள் எச்சரிக்கை அனுப்பியது. செய்தி சிங்கப்பூருக்கு வெளியே இருந்த ஐ.பி.எம். உதவி மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கவனியுங்கள், கண்காணிப்பு இருந்தது. தெரிவிப்பும் நடந்தது. பொறியாளரும் அனுப்பப்பட்டார். சேமிப்புக் கருவி அப்போதும் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

இரவு 7.50க்குப் பொறியாளர் ஒரு கேபிளை மாற்றினார். கருவிக்கென்று பராமரிப்புத் திரை ஒன்று உண்டு. அதன் வழியாகச் செய்திருக்க வேண்டிய வேலை அது. அவர் உதவி மையம் சொன்னதைக் கேட்டுச் செய்தார். முறை தவறானது. ஆனால் எச்சரிக்கை நின்றுவிட்டது. எல்லாரும் நிம்மதியானார்கள்.

மறுநாள் ஞாயிறு பிற்பகல் 2.55க்கு அதே எச்சரிக்கை மீண்டும் வந்தது. மாலை 5.16க்குக் கேபிளைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அதே தவறான முறையில் மாட்டினார். எச்சரிக்கை நின்றது. மாலை 6.14க்கு மறுபடியும் வந்தது. உதவி மையம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பதிவேடுகளை ஆராய்ந்து, கேபிள் முனையில் ஊசி வளைந்திருக்கிறதா பார்க்கச் சொன்னது. இரவு 11.38க்குப் பார்த்தார், வளையவில்லை. கேபிளைத் திரும்ப மாட்டினார். எச்சரிக்கை போகவில்லை.

வங்கியிடம் அனுமதி கேட்டார்கள். மக்கள் நடமாட்டம் இல்லாத வேளை என்று அதிகாலை 2.50க்குக் கேபிளை மாற்ற வங்கி ஒப்புதல் தந்திருந்தது. திங்கட்கிழமை அதிகாலை 2.58க்கு, முன்பு செய்த அதே முறையில் கேபிள் மாற்றப்பட்டது. இந்த முறை தரவே கெட்டுப்போகும் அளவுக்குப் பிழைகள் எழுந்தன. தரவைக் காப்பாற்றிக்கொள்ள, சேமிப்புக் கருவி தானாகவே பெரிய கணினியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது.

அவ்வளவுதான். வங்கி நின்றது. ஏ.டி.எம். இயந்திரங்கள் நின்றன. இணையச் சேவை நின்றது. அதிகாலை 3 மணி தொடங்கிக் காலை 10 மணி வரை ஏறத்தாழ ஏழு மணி நேரம். ஒரு திங்கட்கிழமைக் காலையில் இலட்சக்கணக்கான மக்கள் தங்கள் பணத்தைத் தொட முடியவில்லை. அடுத்த மாதம் 4ஆம் தேதி சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கியைக் கண்டித்து, எதிர்பாராத இடர்களைச் சமாளிக்கக் கூடுதலாகச் சுமார் 23 கோடி சிங்கப்பூர் வெள்ளி மூலதனத்தை ஒதுக்கி வைக்கும்படி உத்தரவிட்டது.

கெட்டுப்போயிருந்தது என்ன? ஓர் இணைப்பு. அதனால் வங்கி விழவில்லை. அதைச் சரிசெய்த விதத்தால் விழுந்தது.

சத்தம் நின்றது, நோய் நிற்கவில்லை

இந்தக் கதையில் என்னை உறங்க விடாத ஒரு சொல் உண்டு. 'எச்சரிக்கை நின்றது.' இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் அதைத் தீர்வு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் சொன்ன சின்ன நிறுவனத்தில் சத்தத்தைப் பொத்தானால் நிறுத்தினார்கள். இங்கே கேபிளைக் கழற்றி மாட்டி நிறுத்தினார்கள். வேறுபாடு பெரிதல்ல.

காய்ச்சல் இறங்கிவிட்டால் நோய் போய்விட்டது என்று பொருளா? டிங்கி வந்த வீட்டில் கேட்டுப் பாருங்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று மருத்துவர்கள் எச்சரிப்பார்கள். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஒரு வரிசையைச் சொல்லியிருக்கிறார். முதலில் நோய் எது என்று பார்க்க வேண்டும், அடுத்து அதன் மூலம் எது, பிறகு தணிக்கும் வழி எது, கடைசியாகத்தான் பிழையில்லாமல் செயல்பட வேண்டும். வன்தட்டு மருத்துவத்துக்கும் அந்த வரிசைதான். டி.பி.எஸ். சம்பவத்தில் மூலத்தைக் காணுமுன் கை நீண்டது. செய்த வழியும் பிழையானது.

ஆகவே கோளாறு அறிக்கை எழுதும்போது 'சரியாகிவிட்டது' என்று ஒரே சொல்லில் முடிக்கக் கூடாது. எப்போது வந்தது, கருவி என்ன சொன்னது, யார் பார்த்தார், என்ன செய்தார், எந்த முறைப்படி செய்தார், செய்தபின் எத்தனை நாள் கவனித்தார் என்று எழுத வேண்டும். அதே கோளாறு இரண்டாம் முறை வந்தால், முதல் வைத்தியம் பலிக்கவில்லை என்று அந்தக் குறிப்பேடே சாட்சி சொல்லும். மூன்றாம் முறை அதையே செய்யக் கூடாது என்றும் சொல்லும்.

மணியடித்தது, யார் காதில் விழுந்தது?

எச்சரிக்கை புறப்பட்டால் மட்டும் போதாது, போய்ச் சேர வேண்டும். 2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான கணினியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். இது வன்பொருள் கோளாறு அல்ல, மனிதக் கை செய்தது. ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். நகலில் இருந்து மீட்கலாம் என்று போனால், நகல் எடுக்கும் வேலையே பழுதாகிக் கிடந்தது. பழுதானபோது அது மின்னஞ்சல் அனுப்பவில்லையா? அனுப்பியது. அந்த மின்னஞ்சல்களில் முறையான அடையாளக் கையொப்பம் இல்லாததால் பெறும் கணினி அவற்றை ஏற்காமல் தள்ளிவிட்டது. ஒருவருக்கும் தெரியவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு நிரந்தரமாகப் போனது. அந்த நிறுவனம் இதையெல்லாம் மறைக்காமல் தானே வெளியிட்டது. அதற்காக அதைப் பாராட்ட வேண்டும்.

இதற்கு மருந்து என்ன? நம் தோட்டத்துப் பெரட்டில் இருக்கிறது. அதிகாலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவரும் குரல் கொடுக்க வேண்டும். ஒருவர் குரல் வரவில்லை என்றால் என்ன ஆயிற்று என்று உடனே விசாரணை. உடம்பு சரியில்லாதவர் தானே வந்து சொல்லட்டும் என்று கங்காணி காத்திருப்பதில்லை.

கருவிகளிடமும் பெரட்டு எடுங்கள். 'கெட்டுப்போனால் மட்டும் சொல்' என்று அமைக்காதீர்கள். 'தினமும் நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி அனுப்பு' என்று அமையுங்கள். ஒரு நாள் அந்த வரி வரவில்லை என்றால் அந்த மௌனமே எச்சரிக்கை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நாளைக்கு நூறு எச்சரிக்கை வந்தால் ஒன்றையும் படிக்க மாட்டோம். வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே மரணச் செய்தி தவறிப்போவது போலத்தான். ஆகவே அவசரமானது ஒரு வழியில் வரட்டும், சாதாரணமானது வாரம் ஒரு முறை பட்டியலாக வரட்டும். அவசரமானது வந்தால் யார் எழுந்து போக வேண்டும் என்பது பெயரோடு எழுதப்பட்டிருக்கட்டும். 'எல்லாருக்கும் பொறுப்பு' என்றால் யாருக்கும் பொறுப்பில்லை.

தயாரிப்பாளர் அனுப்பும் அறிவிப்பையும் படிக்க வேண்டும். 2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன் சிலவகைத் திடநிலைத் தட்டுகள் 32,768 மணி நேரம் ஓடி முடித்ததும் செயலிழந்துவிடும், அதற்குள் உள்மென்பொருளைப் புதுப்பித்துவிடுங்கள் என்றது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் வாங்கி ஒரே பெட்டியில் மாட்டிய தட்டுகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சாகும். அங்கே துணைத் தட்டு என்ன செய்யும்? அந்த அறிவிப்பைப் படித்தவர் பிழைத்தார்.

நம் வீட்டில், நம் கழகத்தில் என்ன செய்யலாம்?

இனி நம் ஊருக்கு வருவோம். கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளி, கூட்டுறவுக் கழகம், படக்கடை, கணக்கர் அலுவலகம் ஆகியவற்றில் பெரிய கணினிப் பிரிவு இருக்காது. இருந்தாலும் செய்யக்கூடியவை உண்டு.

முதலாவது, தட்டிடம் நலம் விசாரியுங்கள். ஏறத்தாழ எல்லாத் தட்டுகளும் தங்கள் உடல்நிலையைத் தாங்களே பதிவு செய்கின்றன. 'ஸ்மார்ட்' என்று அந்த வசதிக்குப் பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைப் படித்து நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறத்தில் காட்டும். தட்டில் ஒரு சிறு பகுதி கெட்டால், அதற்குப் பதிலாக இருப்பில் உள்ள இடத்தைத் தட்டு எடுத்துக்கொள்ளும். எத்தனை இடம் அப்படி மாற்றினோம் என்று எண்ணிக்கை வைத்திருக்கும். அந்த எண்ணிக்கை வாரா வாரம் ஏறினால், கூரையில் ஓட்டை பெருகுகிறது என்று பொருள்.

இரண்டாவது, மஞ்சள் நிறம் தெரிந்த அன்றே நகல் எடுங்கள். தீபாவளி முடியட்டும், கும்பாபிஷேகம் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவு இது: தட்டு தன்னையே சோதித்து முதல் பிழையைக் கண்டுவிட்டால், அடுத்த 60 நாட்களுக்குள் அது சாகும் வாய்ப்பு, பிழை இல்லாத தட்டைவிட 39 மடங்கு அதிகம்.

மூன்றாவது, கெட்ட தட்டைக் கழற்றுமுன் அதுதானா என்று இரண்டு முறை பாருங்கள். பல தட்டுப் பெட்டியில் கெட்டதை விட்டுவிட்டு நல்லதை உருவிய கதைகள் ஏராளம். ஒவ்வொரு தட்டின் வரிசை எண்ணையும் அது இருக்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டி வையுங்கள். மாற்றுத் தட்டு ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். புதிய தட்டை மாட்டியதும் மற்றத் தட்டுகள் இரவு பகலாக உழைத்துத் தரவைத் திரும்பக் கட்டும். அந்த நேரத்தில் பழைய தட்டு இன்னொன்று விழுவதற்கும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் முதலில் நகல், பிறகு பழுதுபார்ப்பு.

நான்காவது, மின்சாரம். பக்கத்தில் தைப்பிங்கின் மழை, நமக்கு இடி மின்னல். யு.பி.எஸ். பெட்டி ஒன்று இருந்தால் திடீர் மின்வெட்டில் தட்டு பாதி எழுத்தில் நிற்காது. அந்த யு.பி.எஸ். பெட்டியின் மின்கலமும் கிழமாகும், அதையும் சோதியுங்கள்.

ஐந்தாவது, ஒரு குறிப்பேடு. கணினியில் வேண்டாம், தாளிலேயே இருக்கட்டும். பழைய கிராணி எழுதிய கணக்குப் புத்தகம் போல. தேதி, கருவி, சொன்னது, செய்தது, பார்த்தவர் பெயர்.

கண்காணிப்பும் கைவிடும்

கடைசியாக ஒரு நேர்மையான சொல். இத்தனை செய்தாலும் சில தட்டுகள் சொல்லாமல் சாகும். அதே கூகுள் ஆய்வில், செத்துப்போன தட்டுகளில் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை எந்த முன்னறிகுறிப் பிழையையும் காட்டவில்லை. மாரடைப்பு வந்தவர்களில் சிலர் முதல்நாள் வரை நன்றாக நடந்து போனவர்கள்தானே?

அதனால் நகல் ஒன்று வேறு இடத்தில் இருந்தே ஆக வேண்டும். ஒரே அறையில் இருக்கும் இரண்டு பிரதி, தீ வந்தால் ஒரே பிரதிதான். 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென்கொரியாவில் தேஜோன் நகரின் அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலங்களில் இருந்து தீ பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு அதில் அழிந்தது. அளவு மிகப் பெரிதாக இருந்ததால் வெளியே நகல் வைக்கப்படவில்லை. தொழில்நுட்பத்தில் உலகத்துக்கே முன்னோடியான நாட்டில் இந்த நிலை.

கைப்பேசியில் இருப்பவை 'கிளவுட்'டில் பத்திரமாக இருக்கின்றன என்று இளைஞர்கள் சொல்வார்கள். கிளவுட் என்பது மேகம் அல்ல தம்பி, வேறு ஒருவர் வீட்டு வன்தட்டு. நல்ல பராமரிப்பு உள்ள வீடுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கணக்கு பூட்டிக்கொண்டால், சந்தா கட்ட மறந்தால், அங்கும் கதவு அடைபடும். அது ஒரு நகலாக இருக்கட்டும், ஒரே நகலாக இருக்க வேண்டாம். நகல் எடுத்தால் போதாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத பணம்.

அன்பர்களே, கருவி கெடுவது குற்றம் அல்ல. கெடுகிறேன் என்று அது சொன்னதைக் கேட்காமல் விடுவதுதான் நம் குற்றம். கேட்டபின் சத்தத்தை மட்டும் அடக்கிவிட்டுத் தீர்ந்தது என்று எண்ணுவது அதைவிடப் பெரிய குற்றம்.

இங்கே கோயில் பொறுப்பாளர்கள் வந்திருக்கிறீர்கள், ஆசிரியர்கள் வந்திருக்கிறீர்கள், கழகச் செயலாளர்கள் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேருங்கள். 'நம் பதிவுகள் எந்தத் தட்டில் இருக்கின்றன? அது கெட்டால் யாருக்குச் சொல்லும்? அவர் பெயர் என்ன?' மூன்றாவது கேள்விக்கு ஒரு மனிதரின் பெயர் பதிலாக வரும் வரை கூட்டத்தை முடிக்காதீர்கள்.